மருமக்கள்வழிச் சொத்து

உங்களுக்குத் தாய்மாமா உண்டா? அவரிடமிருந்து உங்களுக்கு என்ன வந்திருக்கிறது? காதுகுத்துக்கு ஒரு மோதிரம், கல்யாணத்துக்கு ஒரு வேட்டி சட்டை, கோபம் வந்தால் நாலு வசவு... இவ்வளவுதானே? எங்கள் நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் மாமாவின் வயலே வந்தது. தோப்பே வந்தது.

மருமக்கள்வழி என்று பேர். நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் அப்பாவின் சொத்து மகனுக்குப் போகாது. அக்காள் தங்கை பிள்ளைகளுக்குப் போகும். பெற்ற பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, மருமகன் வந்து நெல்லை அளந்துகொண்டு போவான். வீட்டுக்கு வீடு வழக்கு, வக்கீல் வீட்டில் மட்டும் சிரிப்பு. இதைப் பார்த்து நொந்துபோய்த்தான் தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதினார். ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி தன் கதையைச் சொல்லிப் புலம்புவதாக வரும். படிக்கும்போது சிரிப்பு வரும்; சிரித்து முடித்ததும் தொண்டையை அடைக்கும். 1926-ல் திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டு அந்த முறையை மாற்றியது.

நான் பிறந்தது அதற்கெல்லாம் அரை நூற்றாண்டுக்குப் பிறகு. ஆனாலும் மாமா சொத்து எனக்கு வந்தது. என்ன சொத்து என்பதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

மாமா நாகர்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். சம்பளம் இருபதாம் தேதியோடு தீர்ந்துவிடும். வயல் கிடையாது, தோப்பு கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைப் பார்க்க வேண்டுமே... வெளுத்த வேட்டி, கக்கத்தில் ஒரு குடை, கையில் மஞ்சள் பை. பைக்குள் நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகம், நாலு மட்டிப்பழம். அந்த மட்டிப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது. மாமா மட்டும், “நான் அம்பது வருசத்துக்கு முன்னாலேயே குடுத்தாச்சு” என்றார்.

“ஞாயித்துக்கிழமைன்னா மனுசனுக்கு மூணு சாமானம் வேணும் மருமவனே. ஒரு பஸ்ஸு, ஒரு பொஸ்தவம், ஒரு படம். மத்ததெல்லாம் திங்கக்கிழமை பாத்துக்கிடலாம்.”

இதுதான் அவருடைய கொள்கை. வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம். எந்த பஸ்ஸில் ஜன்னல் ஓரம் காலியாக இருக்கிறதோ, அது போகிற ஊர்தான் அன்றைக்கு எங்களுக்கும் ஊர். போய் என்ன செய்வோம்? ஒன்றும் செய்ய மாட்டோம். ஒரு சாயா, ஒரு ரசவடை. ஒரு மணி நேரம் மாமா வாசிப்பார், நான் வேடிக்கை பார்ப்பேன். திரும்பி வந்து மேட்னி.

நீங்கள் குமரி மாவட்டத்துக்கு வந்திருப்பீர்கள். கன்னியாகுமரியில் சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம், பாசிமணி மாலை, பிறகு ரயில். அதோடு சரி. ஆனால், வடசேரியிலிருந்து பேச்சிப்பாறை பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். பார்வதிபுரம் தாண்டினால் வயல். தக்கலை, அழகியமண்டபம் தாண்டினால் ஏற்ற இறக்கமான செம்மண் பூமி. திருவட்டாறு தாண்டி, குலசேகரம் நெருங்கும்போது வெயில் காணாமல் போகும். இரண்டு பக்கமும் ரப்பர். ஒவ்வொரு மரத்திலும் ஒரு சிரட்டை. ஒரே டிக்கெட்டில் மூன்று நாடு பார்த்தாகிவிடும்.

எதிர்ப்பக்கம் போனால் ஆரல்வாய்மொழிக் கணவாய். அங்கே மழை குறைவு, காற்றுதான் எல்லாம். முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடம் இது. அதனால் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வருசத்தில் இரண்டு மழை, அதற்கேற்ப கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு நெல் சாகுபடி. பயண நிறுவனங்களின் வழவழப்பான விளம்பரத்தாளில் தென்னை மரம், மழை, பச்சை மலை, கடல் எல்லாம் போட்டு பாலித் தீவுக்கு வா, மாலத்தீவுக்கு வா என்று கூப்பிடுகிறார்கள் இல்லையா? அந்த விளம்பரத்தாளுக்கு உள்ளேயே நாங்கள் குடியிருக்கிறோம். குடியிருப்பதாலோ என்னவோ, நிமிர்ந்து பார்ப்பதில்லை.

‘புதையல் தீவு’ எழுதிய ஸ்டீவன்சன், பனி பெய்யும் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சீக்காளி. உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் வெயிலைத் தேடிக் கடைசியில் பசிபிக் கடலில் சமோவா தீவில் வந்து வீடு கட்டினார். 1894-ல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். கதை சொல்கிறவர் என்ற பொருளில் அந்த ஊர் மக்கள் அவரை ‘துசிதாலா’ என்று கூப்பிட்டார்கள். மாமா இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, “பாவம், கப்பல் ஏறிப் போயிருக்கான். நமக்கு குலசேகரம் பஸ்ஸே போதும்” என்பார்.

மாமாவிடம் இன்னொரு பழக்கம். ஒரு புத்தகத்தை முடிந்தவரை அது பிறந்த ஊரில் வைத்துப் படிக்க வேண்டும் என்பார். நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ நாவலை எடுத்துக்கொண்டு இரணியலுக்குப் போனோம். அந்தத் தெருக்களில் நடந்துவிட்டு ஓர் ஓட்டு வீட்டு நிழலில் நின்று, “இந்தத் தெருவுல ஒரு ஆச்சி இருந்திருப்பா. அவ சொன்ன கதையெல்லாம் இதுக்குள்ள இருக்கு” என்று புத்தகத்தைத் தட்டினார். தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988-ல் வந்தது. அதை எடுத்துக்கொண்டு தேங்காய்ப்பட்டணம். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ படிக்க, பனைமரம் நிற்கிற ஏதாவது ஒரு விளை. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’க்கு பஸ்ஸே வேண்டாம். நாகர்கோவில் சந்தியில் நின்றால் போதும். “இவ்வளவும் எழுதுன மனுசன் இந்த ஊர்லதாண்டே ஜவுளிக்கடை வச்சிருக்காரு. நாம அவரு கிட்ட வேட்டி வாங்கலாம், தெரியுமா?” என்று மாமா சொன்னபோது எனக்குப் பத்து வயது. எழுத்தாளர் என்றால் தாடி வைத்து, மலைமேல் இருப்பார் என்று நினைத்திருந்தவன் நான்.

படமும் அப்படித்தான். 1986-ல் ‘கடலோரக் கவிதைகள்’ பார்த்தோம். அடுத்த ஞாயிறே முட்டம். சத்யராஜும் ரேகாவும் நின்ற பாறையைத் தேடி அலைந்தோம். எல்லாப் பாறையும் ஒரே மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு மீன்காரப் பாட்டி, “சினிமாக்காரங்க போயாச்சு, பாறை இங்கதான் கெடக்கு, உக்காந்து காத்து வாங்கிட்டுப் போங்க” என்றார். உட்கார்ந்தோம்.

எங்கள் வீட்டு ஆன்டெனாவைக் கொஞ்சம் வடமேற்கே திருப்பினால் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் தெரியும். புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அதில்தான் அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’ பார்த்தேன். 1981-ல் எடுத்த படம். பழைய தறவாட்டு வீட்டில் ஒரு காரணவர். தங்கைகள் உழைக்க, தான் மட்டும் நகராமல் இருந்து, வீட்டோடு சேர்ந்து உளுத்துப் போகிறார். லண்டனில் பரிசு வாங்கிய படம் என்பதெல்லாம் அப்போது தெரியாது. “நம்ம கவிமணி சிரிச்சுக்கிட்டே சொன்னதை இவரு சிரிக்காமச் சொல்லுகாரு. ரெண்டும் ஒரே வீடு, கேட்டியா?” என்றார் மாமா. கவிதையிலிருந்து சினிமாவுக்கு ஒரு கதவு இருப்பது எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

‘மணிச்சித்திரத்தாழ்’ வந்த பிறகு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனோம். படத்தின் ஒரு பகுதியை அங்கேதான் எடுத்தார்கள். 1956 நவம்பர் 1-ம் தேதி எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் அரண்மனையைப் பராமரிப்பது இன்றும் கேரள அரசு. வாசல்வரை தமிழ்நாடு, உள்ளே காலை வைத்தால் கேரளம். கறுப்புக் கண்ணாடி போல மின்னும் தரையில் நடந்துகொண்டே மாமா, “பாஸ்போர்ட் இல்லாம வெளிநாடு வந்தாச்சு” என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த மனிதர் ஒரு ராஜாவைப் போல வாழ்ந்தார். மாதம் பிறந்தால் மளிகைக்கடையில் கடன் சொல்லுகிற ராஜா.

இனி என் கதைக்கு வருகிறேன். அது அவ்வளவு அழகாக இல்லை.

படித்தேன், வேலை கிடைத்தது, சென்னைக்கு வந்தேன். மாமாவைவிட நாலு மடங்கு சம்பளம். ஒவ்வொரு ஜனவரியிலும் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய் இரண்டு பை நிறையப் புத்தகம் வாங்குவேன். அலமாரி நிறைந்தது. கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டி வந்தது. உலகப் பட டி.வி.டி.க்கள் நூறு சேர்த்தேன்; பிளாஸ்டிக் உறை கிழிக்காமல் பாதி கிடந்தது. அதற்குள் டி.வி.டி. பிளேயரே வழக்கொழிந்து போனது. எல்லாம் ரிட்டையர் ஆனதுக்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மேகாலயா போகணும், அந்தமான் போகணும், யாழ்ப்பாணம் போகணும். எல்லாம் அப்புறம்.

மாமா இங்கே 58 வயதில் ஓய்வு பெற்று, டிசம்பர் ஆனால் ரயிலேறி திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். கழுத்தில் பாஸ், பையில் எலுமிச்சை சாதம். ஈரான் படம், கொரியப் படம், துருக்கிப் படம். போனில் கதை சொல்வார். நான் வண்டி ஓட்டிக்கொண்டே ‘ம்’ கொட்டுவேன்.

“எப்பம்டே வாற? பேச்சிப்பாறை போய் ரொம்ப நாளாச்சு.”

“அடுத்த லீவுக்கு மாமா.”

எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை. கல்யாணம், சாவு என்று ஊருக்கு வருவேன். வந்த மறுநாள் ரயில். பஸ்ஸில் ஏற மட்டும் நேரம் இருக்காது.

இரண்டு வருடம் முன்பு அவருடைய மகள் போன் செய்தாள். “அத்தான், அப்பாவுக்குக் கண்ணு தெரியல. நம்மகிட்டச் சொல்லாம மறைச்சிருக்காவ.”

சர்க்கரை. முப்பது வருடமாகக் கூடவே இருந்த சர்க்கரை. கண்ணின் உள்ளே விழித்திரையில் மயிரிழை போன்ற ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. கட்டுப்படாத சர்க்கரை அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிடுகிறது. ஆரம்பத்தில் வலி கிடையாது, எரிச்சல் கிடையாது, பார்வைகூடத் தெளிவாகத்தான் இருக்கும். தெரிகிறதே என்று நாம் சும்மா இருப்போம். அதனால்தான் சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் லேசர், ஊசி என்று பார்வையைக் காப்பாற்ற நல்ல வழி உண்டு. மாமா போனது தாமதமாக. இருக்கிற கொஞ்சத்தைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதைப் படிக்கிற உங்களுக்கோ, உங்கள் வீட்டில் யாருக்கோ சர்க்கரை இருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு முதலில் கண் டாக்டருக்கு போன் செய்யுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். இது ஒன்றைத்தான் அப்புறத்துக்கு வைக்கலாம்.

போனேன். இந்த முறை பத்து நாள் லீவு. மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன். அவர்தான் பேசினார்: “நாளைக்கு ஞாயித்துக்கிழமைல்லா?”

காலை, வடசேரி, பேச்சிப்பாறை பஸ். ஜன்னல் ஓரத்தில் மாமா. பஸ் கிளம்பியதும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே வந்தார். பிரேக்கும் கியரும் காற்றும் அவருக்கு ஊர் சொல்லின. ஆனால் தொடக்கத்திலேயே தப்பு. “பார்வதிபுரம் இன்னும் வரல்லியே?” என்றார். பஸ் மேம்பாலத்தில் ஏறி பார்வதிபுரத்தைத் தாண்டிவிட்டிருந்தது. சொன்னேன். “பாலம் கட்டி என் கணக்கைத் தப்பாக்கிட்டானுவ” என்று சிரித்தார். குலசேகரம் பக்கம் போனபோது மூக்கை உறிஞ்சிவிட்டு, “இங்கன ரப்பர் அடர்த்தியா நிக்கணுமே, வெயிலு அடிக்கே?” என்றார். 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் அடித்தது. கடலுக்குப் போன எத்தனையோ பேரைத் திருப்பித் தராத புயல். கரையில் ரப்பரையும் வாழையையும் வரிசையாகச் சாய்த்துப்போட்டது. அப்போது விழுந்த ஒரு விளை அது. புதுக் கன்றுகள் இன்னும் நிழல் தரும் வயதுக்கு வரவில்லை. அதையும் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு மஞ்சள் பையை என் மடியில் வைத்தார். உள்ளே ‘ஒரு புளியமரத்தின் கதை’. “வாசி.”

“பஸ்ஸிலயா மாமா?”

“பின்ன? வாய்விட்டு வாசி.”

எனக்கு வெட்கம். முதல் பக்கத்தை முணுமுணுத்தேன். “என்னத்த முணங்குக? எனக்குக் கண்ணுதான் போச்சு, காதும் போகணுமா?” என்று அதட்டினார். சத்தமாக வாசித்தேன். முன் சீட்டில் ஒரு ரப்பர் வெட்டுத் தொழிலாளி திரும்பிப் பார்த்தார். பக்கத்துச் சீட்டில் மடியில் பேரக் குழந்தையோடு ஒரு அம்மா. யாரும் சிரிக்கவில்லை. ஊர்ப் போட்டியும் வியாபாரமும் அரசியலும் சேர்ந்து ஒரு மரத்தைச் சாகடிக்கிற கதை அது. 1966-ல் வந்த நாவல். பேச்சிப்பாறை வந்து எல்லோரும் இறங்கும்போது அந்த அம்மா கேட்டார்: “பெறவு அந்த மரம் என்ன ஆச்சு?”

மாமா முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். “நூலகத்துல கெடைக்கும் தாயி, எடுத்து வாசிங்க” என்றார்.

அணைக்கட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தோம். 1906-ல் கட்டி முடித்த அணை. கட்டிய வெள்ளைக்கார எஞ்சினியர் மிஞ்சினின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. சாயா வாங்கி மாமா கையில் கொடுத்தேன். அவரிடம் கேட்க எனக்கு ஒன்று இருந்தது. கேட்டுவிட்டேன். “கஷ்டமா இருக்கா மாமா? இனிமே வாசிக்க முடியாது, படம் பார்க்க முடியாதுன்னு?”

“இருக்காதா பின்ன? ராத்திரி முழிப்பு வந்தா நெஞ்சு அடைக்கத்தான் செய்யும்.” ஒரு மடக்கு குடித்தார். “ஆனா நான் பாக்கி வைக்கல, மருமவனே. கண்ணு இருக்கும்போதே வாசிச்சாச்சு, பாத்தாச்சு. ஒனக்குத்தான் எல்லாம் பாக்கி கெடக்கு.”

திட்டவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. கணக்கு எழுதிப் பழகிய மனிதர், கணக்கைச் சொன்னார். எனக்குத்தான் சாயா தொண்டையில் இறங்கவில்லை.

சென்னை வந்ததும் அட்டைப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாநகரப் பேருந்தில் ஜன்னல் ஓரம் பிடிக்கிறேன். மகாபலிபுரம் சாலையிலும் கடல் தெரியத்தான் செய்கிறது. இரவு சாப்பாடு முடிந்ததும் பத்துப் பக்கம் சத்தமாக வாசித்து, வாட்ஸ்அப்பில் மாமாவுக்குக் குரலாக அனுப்புகிறேன். ‘தலைமுறைகள்’ முடிந்தது. ‘புத்தம் வீடு’ முடிந்தது. இப்போது, அவர் கேட்டார் என்று, மறுபடியும் புளியமரம்.

போன மாதம் மாமா தன் அலமாரியை என் பேருக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார். வீடு மகளுக்கு, புத்தகம் மருமகனுக்கு. “இதுக்கு கவிமணி கோவிச்சுக்கிட மாட்டாரு” என்றார்.

நேற்று இரவு தூக்கக் கலக்கத்தோடு வாசித்து அனுப்பினேன். இன்று காலை எழுந்ததும் அவர் பதில் வந்திருந்தது.

“நடுவுல ஒரு பக்கத்த விட்டுட்ட மருமவனே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? திரும்ப வாசி.”

எடுத்துப் பார்த்தேன். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது.